பெயர் விடுபடாமல்

(தேனி மாவட்ட ஆசிரியர்களிடையே பேரிடர் மேலாண்மை குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தை முடிந்து மாசி பிறந்தால் நம் மாவட்டத்து ஆசிரியர்களுக்கு இரண்டு வேலைகள் சேர்ந்து வரும். ஒன்று செய்முறைத் தேர்வும் பொதுத்தேர்வும். இன்னொன்று எந்த அட்டவணையிலும் இல்லாதது. போடியிலோ உத்தமபாளையத்திலோ கம்பத்திலோ வகுப்பறைச் சன்னல் வழியாகப் பார்த்தால் மலைச்சரிவில் எங்காவது புகை தெரியும். இரவில் சிவப்புக் கோடாகத் தீ ஊர்வது தெரியும். "சார், மலை எரியுது" என்று ஒரு பிள்ளை சொல்லும். "பாடத்தைக் கவனி" என்று நாம் சொல்லிவிட்டு எழுதுபலகைப் பக்கம் திரும்புவோம்.

அந்தப் பிள்ளை சொன்னதைப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இன்று பேசுகிறேன். தீயை அணைப்பது வனத்துறையின் வேலை, தீயணைப்புத் துறையின் வேலை. தீ அணைந்த பிறகு வாழ்க்கையை மீட்டெடுப்பது யாருடைய வேலை? அதில் பள்ளிக்கு என்ன பங்கு? இதைத்தான் பார்க்கப்போகிறோம்.

2018 மார்ச் 11 நமக்கெல்லாம் தெரிந்த நாள். ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்தும் மலையேற்றத்துக்கு வந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் கொழுக்குமலைக்கும் குரங்கணிக்கும் இடைப்பட்ட சரிவில் காட்டுத்தீயில் சிக்கினார்கள். அங்கேயே இறந்தவர்களும், மருத்துவமனைகளில் அடுத்த நாள்களிலும் வாரங்களிலும் இறந்தவர்களுமாக 23 பேரை இழந்தோம். இந்திய விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் வீரர்களும் வந்தார்கள். வனத்துறையும் காவல்துறையும் தீயணைப்புத் துறையும் மருத்துவர்களும் இரவு பகலாக உழைத்தார்கள். ஆனால் முதலில் மேலே ஏறியவர்கள் குரங்கணி மக்கள். தடம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். இருட்டில், கனல் ஆறாத சரிவில், போர்வையைக் கம்பில் கட்டி டோலியாக்கி, காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்து இறங்கினார்கள்.

அன்றைய இரவில் மீட்புப் பணியைக் கடினமாக்கிய ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். மலையில் மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது உடனடியாகத் தெரியவில்லை. செய்திகளில் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருந்தது. யார் கீழே வந்துவிட்டார், யார் இன்னும் மேலே இருக்கிறார் என்று சரிபார்க்க ஒரு முழுமையான பட்டியல் அடிவாரத்தில் இல்லை. பட்டியல் இல்லாதபோது தேடுபவருக்கு எப்போது தேடலை நிறுத்துவது என்று தெரியாது. வீட்டில் காத்திருப்பவருக்கு எங்கே போய்க் கேட்பது என்று தெரியாது.

அரசு இதிலிருந்து பாடம் கற்றது. விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த அந்த ஆண்டிலேயே விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளுக்கு முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடுதான் போக முடியும். தீக்காலத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. இந்த ஏற்பாட்டில் மேலே போகிறவர் ஒவ்வொருவரின் பெயரும் கீழே இருக்கும்.

அடுத்து, அந்தத் தீ ஏன் அவ்வளவு வேகமாக வந்தது? இது நம் அறிவியல் வகுப்புக்கு உரிய கேள்வி. மார்ச்சில் சரிவுகளில் புல் ஆளுயரத்துக்குக் காய்ந்து நிற்கும். சூடான காற்று மேலே எழும். சரிவில் எரியும் தீயின் நாக்கு மேட்டுப்பக்கம் சாய்ந்து, மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய்ச்சி வைக்கும். சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்பாளர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. ஆசிரியர் ஒரு தீக்குச்சியைத் தலை மேலே இருக்கும்படி பிடித்துக் காட்டலாம். பிறகு இன்னொன்றைத் தலை கீழே இருக்கும்படி பிடித்துக் காட்டலாம். இரண்டாவது குச்சியில் தீ விரலை நோக்கி எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்று பிள்ளைகளே சொல்வார்கள். "தீயைக் கண்டால் மேட்டைப் பார்த்து ஓடாதே, பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து அடங்கிய கருநிலம் இவற்றைத் தேடு" என்ற பாடம் அதன்பின் மறக்காது.

இதுவரை சொன்னது முதல் நாள் வேலை. பத்தாம் நாள் என்ன ஆகிறது?

பத்தாம் நாளில் ஹெலிகாப்டர் இருக்காது. தொலைக்காட்சி வண்டிகள் இருக்காது. அப்போதும் சிலர் இருப்பார்கள். தீக்காயத்தோடு மாதக்கணக்கில் கட்டு மாற்றிக்கொள்பவர்கள் இருப்பார்கள். உடல்களைச் சுமந்து இறங்கியதை மறக்க முடியாத ஊர்க்காரர்கள் இருப்பார்கள். மலையேற்றம் நிறுத்தப்பட்டதால் வருமானம் போன வழிகாட்டிகளும் ஜீப் ஓட்டுநர்களும் இருப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் இருப்பார்கள். முதல் நாள் உதவிக்குத் துணிச்சல் வேண்டும். பத்தாம் நாளுக்குப் பிறகு வரும் உதவிக்குப் பொறுமையும் ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும்.

குரங்கணியில் எரிந்தது காடு. ஓர் ஊரே எரிந்துபோனால் இந்த நீண்ட வேலை எப்படி நடக்கும் என்பதற்கு அதே ஆண்டில் அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2018 நவம்பர் 8 அன்று கலிஃபோர்னியாவின் பாரடைஸ் என்னும் மலைநகரம் ஒரே நாளில் பெரும்பகுதி சாம்பலானது. சுமார் 26,000 பேர் வாழ்ந்த ஊர். 85 பேர் இறந்தார்கள். 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன.

அது வியாழக்கிழமை, பள்ளி நாள். பெற்றோர் வந்து அழைத்துப்போக முடியாத 22 தொடக்கப்பள்ளிக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஒரு பள்ளிப் பேருந்து புறப்பட்டது. ஓட்டுநரோடு இரண்டு ஆசிரியைகள். புகையிலும் நெரிசலிலும் ஐந்து மணி நேரம். அந்த நெருக்கடியில் அவர்கள் செய்தவை மிக எளிய காரியங்கள். குழந்தைகளின் பெயர்களை எழுதிக்கொண்டார்கள். பெரிய பிள்ளைகளைச் சிறிய பிள்ளைகளோடு சேர்த்து உட்கார வைத்தார்கள். ஓட்டுநர் தன் சட்டையைக் கிழித்துக் கொடுக்க, அதை இருந்த கொஞ்சம் தண்ணீரில் நனைத்து மூக்கில் வைத்துக்கொள்ளச் செய்தார்கள். 22 பேரும் பிழைத்தார்கள். நாம் தினமும் காலையில் எடுக்கும் வருகைப் பதிவைத்தான் அவர்கள் அந்தப் பேருந்தில் எடுத்தார்கள்.

அதன் பிறகு வந்ததுதான் நீண்ட வேலை. பக்கத்து நகரமான சிகோவில் தேவாலயங்கள் கதவைத் திறந்து, தப்பி வந்தவர்களுக்கு இடம் கொடுத்தன. பாரடைஸ் பிள்ளைகள் சிகோவில் இரவல் கட்டடங்களில் படித்தார்கள். மூடிக்கிடந்த ஒரு வன்பொருள் கடைகூடப் பள்ளியானது. கூட்டம் கலைந்த பிறகும் சிலர் தங்கினார்கள். அவர்களில் மெனோனைட் என்னும் கிறித்தவச் சபையினரின் பேரிடர்ச் சேவை அமைப்பு ஒன்று. 1950-இல் தொடங்கியது. ஓய்வுபெற்ற விவசாயிகள், தச்சர்கள், கல்லூரி மாணவர்கள் வாரக்கணக்கில் வந்து தங்கி, கூலி வாங்காமல் வீடு கட்டிக்கொடுப்பார்கள். ஒரு குழு போனால் அடுத்த குழு வரும்.

அவர்கள் வேலை செய்யும் முறையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. யாருக்கு வீடு கட்டுவது என்பதை வெளியூரிலிருந்து வரும் தொண்டர் முடிவுசெய்வதில்லை. உள்ளூரில் ஒரு மீட்புக் குழு உட்கார்ந்து, குடும்பம் குடும்பமாக விவரம் எடுக்கிறது. காப்பீடு இருந்தவர் எழுந்துவிடுவார். காப்பீடு இல்லாத முதியவர், கணவரை இழந்தவர், மாற்றுத்திறனாளி உள்ள வீடு இவர்களைப் பட்டியலில் முன்னே வைக்கிறது. தொண்டர் அந்தப் பட்டியல்படி செங்கலையோ பலகையையோ எடுத்துவைக்கிறார். வீட்டுக்காரர் எந்தச் சபை, எந்த மதம் என்பது அந்தப் பட்டியலில் ஒரு கட்டமே அல்ல.

இது ஏதோ வெளிநாட்டுச் செய்தி என்று நினைக்க வேண்டாம். நம் மாநிலத்தில் இதைவிடப் பெரிய அளவில் இது நடந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26, சுனாமி. அதுவும் ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேளாங்கண்ணிக்கு வந்த யாத்திரிகர்கள் பலர் இறந்தார்கள். வெளியூர்க்காரர்கள் என்பதால் அவர்கள் யார் என்று சொல்ல அருகில் ஆளில்லை. குரங்கணியில் நாம் பார்த்த அதே சிக்கல்.

அப்போது அரசோடு சேர்ந்து வேலை செய்தவர்களில் 1947 முதல் இயங்கிவரும் காசா, கரித்தாஸ் இந்தியா போன்ற திருச்சபை அமைப்புகளும் இருந்தன. ராமகிருஷ்ண மடத்தார் இருந்தார்கள். ஜமாத் இளைஞர்கள் இருந்தார்கள். சமயம் சாராத தொண்டு நிறுவனங்கள் இருந்தன. உணவு, தற்காலிகக் குடியிருப்பு, படகு பழுதுபார்த்தல், நிரந்தர வீடு என்று வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது.

அந்த அனுபவத்தில் இரண்டு கசப்பான செய்திகளும் உண்டு. ஒன்று, பழைய துணி. நல்ல மனத்தோடு நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாக வந்து இறங்கிய பழைய துணிகள் சாலையோரம் குவிந்து கிடந்தன. கடலில் உழைத்துச் சம்பாதித்து உடுத்திய மக்கள் பிறர் கழித்த துணியை எடுக்க மறுத்தார்கள். தன்னிடம் மிஞ்சியதைக் கொடுப்பது வேறு, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக் கொடுப்பது வேறு.

இரண்டாவது, விடுபட்ட பெயர்கள். நிவாரணப் பட்டியல்கள் மீனவர் குப்பங்களை மையமாக வைத்துத் தயாரானபோது, சில இடங்களில் பக்கத்திலிருந்த தலித் குடியிருப்புகளும் இருளர் குடும்பங்களும் விடுபட்டுப்போயின. கூடையில் மீன் விற்ற பெண்கள், உப்பு ஏறிய வயலில் கூலி வேலை பார்த்தவர்கள் 'பாதிக்கப்பட்டவர்' என்ற வரையறைக்குள் தாமதமாகவே வந்தார்கள். தங்கியிருந்து வேலை செய்த தொண்டர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்ட பிறகுதான் இந்தப் பெயர்கள் வெளியே தெரிந்தன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், நாம் அரசுப் பணியில் இருப்பவர்கள் என்பதால். சமய அமைப்புகள் உதவிக்கு வந்தால் அதை எப்படிப் பார்ப்பது என்ற தயக்கம் தலைமையாசிரியர்களுக்கு வரும். இதற்கு உலக அளவில் ஒரு நடத்தை நெறி இருக்கிறது. 1994-இல் செஞ்சிலுவை இயக்கமும் பெரிய நிவாரண அமைப்புகளும் சேர்ந்து 10 கொள்கைகளை வகுத்தன. சாதி, மதம், நாடு பாராமல் தேவையை மட்டும் வைத்து உதவ வேண்டும். உதவியை ஒரு சமயக் கருத்தையோ அரசியல் கருத்தையோ வளர்க்கப் பயன்படுத்தக் கூடாது. இவை அவற்றில் இரண்டு. இந்த நெறியை முன்மொழிந்தவர்களில் கரித்தாஸ், லூத்தரன் உலகக் கூட்டமைப்பு, உலகத் திருச்சபைகள் மன்றம் ஆகியவையும் அடக்கம். ஆகவே எந்த அமைப்பு பள்ளி வாசலில் வந்து நின்றாலும், "இந்த நெறிப்படி வருகிறீர்களா?" என்று நாம் கேட்கலாம். உண்மையான தொண்டர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

இனி நம் பள்ளத்தாக்குக்கு வருவோம்.

திருச்சபைத் தொண்டர்கள் பேரிடரில் விரைந்து செயல்படுவதற்கு ஒரு காரணம் அவர்களிடம் பெயர்கள் இருப்பதுதான். ராயப்பன்பட்டியிலோ அனுமந்தன்பட்டியிலோ கேட்டுப் பாருங்கள். பங்கு ஏட்டில் குடும்பங்களின் பெயர் இருக்கும். சில பத்துக் குடும்பங்களைச் சேர்த்து ஓர் அன்பியம் என்று வைத்திருப்பார்கள். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக யார் இருக்கிறார் என்பது அந்த அன்பியத்துக்குத் தெரியும். ஜமாத்தில் அப்படியொரு பதிவு உண்டு. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்கும் ஊர்க்கணக்கில் ஒரு பட்டியல் உண்டு. ஆபத்து வந்தால் இந்தப் பட்டியல்கள் எல்லாம் பயன்படும்.

ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு வேலி இருக்கிறது. பங்கு ஏட்டில் மற்ற மதத்தார் இல்லை. ஜமாத் பதிவிலும் அப்படியே. தலைக்கட்டுக் கணக்கில் வேறு சாதியார் இருக்க மாட்டார்கள். ஆண் இல்லாத வீடு சில நேரம் விடுபடும். எஸ்டேட் வேலைக்கு வெளியூரிலிருந்து வந்த குடும்பம் எதிலுமே இருக்காது. முதுவாக்குடியின் முதுவர் வீட்டுப் பிள்ளை, சிறைக்காட்டின் பளியர் வீட்டுப் பிள்ளை, ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளியின் பிள்ளை, போடி வியாபாரியின் பிள்ளை என எல்லாரையும் வேலியில்லாமல் எழுதிவைக்கும் பதிவேடு ஊரில் ஒன்றுதான். அது உங்கள் மேசையில் இருக்கிறது.

அந்தப் பதிவேட்டை வைத்து நாம் செய்யக்கூடியவை சில.

முதலாவது, வீட்டு வரைபடம். ஐந்தாம் வகுப்புச் சமூக அறிவியலிலேயே வரைபடம் வருகிறது. பிள்ளைகள் தங்கள் தெருவை வரையட்டும். தனியாக வாழும் பாட்டி, நடக்க முடியாதவர், கைக்குழந்தை உள்ள வீடு இவற்றைக் குறிக்கட்டும். எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரம் இருக்கும். பள்ளிக்கு வராதவர் விவரம் பிள்ளைகளின் தலைக்குள்தான் இருக்கும். இந்த வரைபடத்தில் அந்தரங்க விவரங்கள் இருப்பதால் சுவரில் ஒட்ட வேண்டாம். தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் இருந்தால் போதும்.

இரண்டாவது, தாள் பிரதி. மின்சாரமும் அலைபேசிக் கோபுரமும் போன நாளில் திரையில் உள்ள பட்டியல் பயன்படாது. பெற்றோர் பெயர், மாற்று உறவினர் பெயர், எண், குருதி வகை கொண்ட ஒரு தாள் வகுப்புக்கு ஒன்று. அத்தோடு 101, 108, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கான 1077, குழந்தைகளுக்கான 1098.

மூன்றாவது, தீக்காலப் பாடம். பிப்ரவரி தொடக்கத்தில் வனச்சரகர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, வனவரையோ தீத்தடுப்புக் காவலரையோ வகுப்புக்கு அழையுங்கள். தீத்தடுப்புக் கோடு எப்படி வெட்டுகிறார்கள், பச்சைக் கொப்புகளால் தீயை எப்படி அடித்து அணைக்கிறார்கள், செயற்கைக்கோள் வழியாக இந்திய வன அளவை நிறுவனம் தரும் எச்சரிக்கை எப்படி வருகிறது என்று அவர்கள் வாயால் கேட்கட்டும். வைகை பிறப்பது வருசநாட்டு மலையில். அந்தச் சரிவு எரிந்து மண் மொட்டையானால் முதல் மழையில் மண் கரைந்து ஓடும். அதன் விலையைக் கீழே உள்ள வயலும் கொடுக்கும். ஒன்றில் மட்டும் உறுதியாக இருப்போம்: பசுமைப் படையாக இருந்தாலும் சாரணராக இருந்தாலும் மாணவரைத் தீ அணைக்க அனுப்பக் கூடாது. பிள்ளையின் வேலை பார்த்ததைப் பெரியவரிடம் சொல்வது.

நான்காவது, முதலுதவி. தீக்காயத்துக்குக் குளிர்ந்த ஓடும் நீர், 20 நிமிடம். பற்பசை, பேனா மை, மாவு, எண்ணெய் எதுவும் வேண்டாம். ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இதை இளஞ்செஞ்சிலுவைச் சங்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் அவர்கள் வீட்டில் சொல்லிக்கொடுப்பார்கள்.

ஐந்தாவது, திரும்பி வரும் பிள்ளை. சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் நம் கடலோரத்தில் ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் மனநலப் பயிற்சி கொடுத்தார்கள். அதன் சாரம் எளிது. பள்ளியைச் சீக்கிரம் திற; கால அட்டவணையைப் பழையபடி நடத்து; விளையாட விடு, வரைய விடு; "என்ன பார்த்தாய், எப்படி நடந்தது" என்று தோண்டித் தோண்டிக் கேட்காதே; அது தானாகச் சொல்லும்போது வேலையை நிறுத்திவிட்டுக் கேள். பேச்சே குறைந்துபோன பிள்ளை, சட்டென்று கோபப்படும் பிள்ளை, தூங்கி வழியும் பிள்ளை யாரென்று வகுப்பாசிரியருக்குத்தான் முதலில் தெரியும். மலையில் மறுபடி புகை தெரியும் மாசி மாதத்தில் அந்தப் பிள்ளையைக் கூடுதலாகக் கவனியுங்கள். வாரங்கள் கடந்தும் மாறாவிட்டால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இவை எதற்கும் தனி நிதி தேவையில்லை. ஒரு பாடவேளை, கொஞ்சம் தாள், ஊரில் ஏற்கெனவே இருக்கும் மனிதர்கள் போதும். இல்லம் தேடிக் கல்வியில் மாலை நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படிப்பித்த தன்னார்வலர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்த மனம் இந்த ஊர்களில் குறையவில்லை. குரங்கணி மக்களை அன்று மலையேறச் சொல்லி யாரும் ஆணையிடவில்லை. பங்குத்தந்தையோ ஜமாத் தலைவரோ ஊர் நாட்டாமையோ, அழைத்தால் பள்ளிக்கு வரத் தயாராகவே இருக்கிறார்கள். ஒரே மேசையில் உட்கார்ந்து, தத்தம் பட்டியல்களைப் பள்ளிப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, எந்த வீடு எதிலுமே இல்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கூட்டத்தைக் கூட்ட எல்லாருக்கும் பொதுவான இடம் பள்ளிதான்.

ஆகவே என் வேண்டுகோள் இது ஒன்றே. வருகிற தீக்காலத்துக்கு முன்னால், பிப்ரவரி முதல் வாரத்துக்குள், உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். கூட்டம் முடியும்போது, எதிலுமே பெயர் இல்லாத வீடுகளின் பட்டியல் ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். அது மூன்று வீடாக இருக்கலாம், முப்பது வீடாக இருக்கலாம். மறுநாளே அந்த வீடுகளுக்கு ஓர் ஆள் போய்வரட்டும்.